பிடி தளரும் இடம்

உயிர்வேதியியல் பாடப் புத்தகங்களில் ஒரு படம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிறது. மேலே ஹார்மோன். நடுவே செல் சவ்வை ஏழு சுருள்களாக ஊடுருவி நின்று ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஏற்பி. அதற்குக் கீழே, ஏற்பிக்கும் செல்லின் உள் நொதிகளுக்கும் இடையில் நிற்கும் ஜி புரதம், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று உருண்டைகளாக. ஏற்பியிலிருந்து ஜி புரதத்தை நோக்கி ஒரு தடித்த அம்புக்குறி. அந்த அம்புக்குறி மேல் எனக்குத் தீராத பகை உண்டு. அம்பு என்றால் ஏதோ ஒன்று இங்கிருந்து அங்கே போகிறது என்றுதான் கண் வாசிக்கும். பாஸ்பேட் போகிறதா? எலக்ட்ரான் போகிறதா? ஹார்மோனே இறங்கிப் போகிறதா? ஒன்றுமே போவதில்லை. ஆனாலும் அந்த இடத்தில் அம்பு போடாத புத்தகம் என் கையில் இதுவரை சிக்கவில்லை.

வெறும் படம் வரையும் விஷயமாக இருந்திருந்தால் விட்டுத் தள்ளியிருப்பேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது: 'ஹார்மோன் தன்னிடம் உள்ள ஆற்றலை ஏற்பிக்குக் கொடுக்கிறது, ஏற்பி அதை ஜி புரதத்துக்குக் கொடுக்கிறது.' எழுதியவள் நன்றாகப் படிக்கும் மாணவி. மற்ற வரிகளில் குறையே இல்லை. சைக்ளிக் ஏஎம்பி, புரத கைனேஸ், கிளைகோஜன் சிதைவு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இந்த ஒரு வரிக்கு மதிப்பெண் குறைப்பதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். படம் சொன்னதைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். சரி, எதையும் கொடுக்கவில்லை என்றால் ஏற்பி அங்கே என்னதான் செய்கிறது? இந்தக் கேள்வி அதன் பிறகு என்னை விடவில்லை.

முதலில் கொடுக்கல் வாங்கல் கணக்கைப் பார்த்துவிடலாம். கல்லீரலைச் சர்க்கரை வெளியிடச் செய்யும் குளுககான் என்ற ஹார்மோன் இரத்தத்தில் இருப்பது லிட்டருக்குப் பிக்கோமோல் கணக்கில். இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகப்படும்படியான அளவு. அது வந்து ஏற்பியில் உட்காருகிறது, கொஞ்ச நேரம் இருக்கிறது, வந்த வடிவத்திலேயே எழுந்து போகிறது. எதுவும் உடைவதில்லை, எதுவும் செலவாவதில்லை. உட்காரும்போது கிடைக்கிற பிணைப்பு ஆற்றல் ஏற்பியின் வடிவத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கப் பயன்படுகிறது. எழுந்து போகும்போது அந்தக் கணக்கும் நேராகிவிடுகிறது. செல்லுக்குள் நடக்கும் அமளிக்கான செலவு முழுவதும் செல்லின் சொந்தப் பணம். கல்லீரல் செல் தன் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜனைத் தானே உடைத்துத் தானே சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. ஹார்மோன் பைசா தருவதில்லை.

கல்லீரல் சாறும் கொழுப்புச் செல்லும்

இந்தக் கதையின் தொடக்கம் பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1950களில் கிளீவ்லாண்டில் ஏர்ல் சதர்லாண்டும் தியோடர் ராலும் கல்லீரலை அரைத்துக் கூழாக்கி, அதில் அட்ரினலினையும் குளுககானையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிளைகோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டது. கூழைச் சுழற்றிச் சவ்வுத் துணுக்குகளை அகற்றியதும் ஹார்மோனுக்கு மதிப்பில்லாமல் போனது. துணுக்குகளைத் தனியே எடுத்து அவற்றில் ஹார்மோனைச் சேர்த்தால், கொதிக்க வைத்தாலும் கெடாத ஒரு சிறு மூலக்கூறு உண்டானது. அதை மீதிச் சாற்றில் ஊற்றினால் நொதி மறுபடி விழித்தது. அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. இதற்காக 1971இல் சதர்லாண்டுக்கு நோபல் பரிசு. ஹார்மோன் செல்லுக்குள் போகவே வேண்டாம், வாசலிலேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று நாம் உணர்வதே இல்லை. ஆனால் வாசலில் என்ன இருக்கிறது என்பதில் சதர்லாண்டின் குழு எளிமையான ஒரு படத்தை வைத்திருந்தது: ஏற்பியும், சைக்ளிக் ஏஎம்பியைச் செய்யும் அடினைல் சைக்ளேஸும் ஒரே கூட்டுப்பொருளின் இரண்டு முகங்கள், வெளிமுகத்தில் ஹார்மோன் ஒட்டினால் உள்முகம் வேலை செய்யும். இடையில் யாரும் தேவையில்லை.

இடையில் ஆள் இருக்கிறது என்ற சந்தேகம் முதலில் வலுவாக எழுந்தது கொழுப்புச் செல்லில். அமெரிக்காவின் பெதஸ்டாவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த மார்ட்டின் ராட்பெல், 1964இல் எலியின் கொழுப்புத் திசுவிலிருந்து தனிச்செல்களைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அந்தச் செல்லின் சவ்வு ஏகப்பட்ட ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்கும்: அட்ரினலின், குளுககான், ஏசிடிஹெச், செக்ரெட்டின் இப்படி. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சைக்ளேஸைத் தூண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து உச்ச அளவில் கொடுத்தால் விளைவு கூடவேண்டும்தானே? கூடவில்லை. ஒவ்வொரு ஏற்பியும் தனக்கென்று ஒரு சைக்ளேஸை வைத்திருந்தால் விளைவுகள் கூட்டப்பட்டிருக்கும். பல ஏற்பிகளும் ஒரே சைக்ளேஸ் கூட்டத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்றால், வெவ்வேறு ஹார்மோன்களை அடையாளம் காணும் இத்தனை ஏற்பிகளோடும் பேசத் தெரிந்த ஏதோ ஒன்று நடுவில் வேண்டும். மின்னணுத் தகவல் தொடர்பிலிருந்து கடன் வாங்கிய மொழியில் அவர் அதை விளக்கினார்: ஆளை அடையாளம் காண்பது ஒன்று, சைகையை மாற்றிக் கொடுப்பது ஒன்று, பெருக்குவது ஒன்று. நடுவில் உள்ளது அப்போது வெறும் அனுமானம்தான்.

ஒட்டினால் வராத ஹார்மோன்

இனி வருவதுதான் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி. ராட்பெல் குழு கல்லீரல் சவ்வுக்கு மாறியது. லட்ஸ் பிர்ன்பாமர், ஸ்டீபன் போல், மிச்சீல் கிரான்ஸ் ஆகியோர் உடன் இருந்தார்கள். குளுககானோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்து, அது சவ்வில் எவ்வளவு ஒட்டுகிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று அளந்தார்கள். ஒட்டியது நன்றாக ஒட்டியது. ஆனால் விலக மறுத்தது. உடலில் குளுககானின் விளைவோ சட்டென்று வரும், சட்டென்று போகும். சைக்ளேஸை அளக்கும் சோதனையிலும் அப்படித்தான். ஒட்டுதலை அளக்கும் சோதனையில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? இரண்டு சோதனைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், ஒன்றில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இருக்கிறது, மற்றதில் இல்லை. சைக்ளேஸுக்கு மூலப்பொருளே ஏடிபிதான், அதனால் அது எப்போதும் அந்தக் குழாயில் இருக்கும். ஒட்டுதலை அளக்கும் குழாயில் அதைச் சேர்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சேர்த்துப் பார்த்தார்கள். ஒட்டியிருந்த குளுககான் மளமளவென்று உதிர்ந்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் ஏடிபி பற்றிய ஒரு கட்டுரையோடு முடிந்திருக்கும். ஏடிபியின் உறவுகளான மற்ற நியூக்ளியோடைடுகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். அடினோசினுக்குப் பதில் குவானோசின் உள்ள டிரைபாஸ்பேட், ஏடிபி தேவைப்பட்ட அளவில் மிகச் சிறு பங்கிலேயே அதே வேலையைச் செய்தது. கடையில் வாங்கிய ஏடிபியில் இந்தக் குவானோசின் டிரைபாஸ்பேட் கலப்படமாக இருந்ததுதான் ரகசியம். அதுவரை எல்லோருடைய சோதனைக் குழாய்களிலும் அது யாரும் அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. ஏடிபி தன் பெயரில் அந்தப் புகழை வாங்கிக்கொண்டிருந்தது. தூய மூலப்பொருளை வைத்துச் சைக்ளேஸ் சோதனையை மறுபடி செய்தபோது, குளுககான் மட்டும் இருந்தால் நொதி சோம்பலாகவே இருந்தது. குவானோசின் டிரைபாஸ்பேட்டைச் சேர்த்ததும்தான் துள்ளியது. இவை 1971இல் வெளிவந்தன. (இதற்கும் இதன் இருபாஸ்பேட் தம்பிக்கும் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் இனி மூபாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே எழுதுகிறேன், இரண்டும் குவானோசினுடையவைதான்.)

இப்போது இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூபாஸ்பேட் இருந்தால் ஹார்மோன் ஏற்பியில் சரியாக ஒட்டாது. மூபாஸ்பேட் இருந்தால்தான் ஹார்மோனின் வேலை நடக்கும். பூட்டும் சாவியும் என்று மனதில் படம் வைத்திருக்கும் யாருக்கும் இது விழுங்க முடியாத முரண்பாடு. இறுக்கமாக ஒட்டினால் வலுவான தூண்டல் என்பதுதானே நம் இயல்பான எதிர்பார்ப்பு? இங்கே தலைகீழாக இருக்கிறது. ஹார்மோன் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறது என்றால், வேலை நடுவழியில் சிக்கி நிற்கிறது என்று பொருள். பிடி தளர்ந்து ஹார்மோன் நழுவுகிறது என்றால் வேலை முடிந்தது என்று பொருள். என் மாணவியின் வரிக்கு மறுப்பு எனக்குக் கிடைத்தது இந்த இடத்தில்தான். கொடுப்பவர் யாரும் இந்தக் கதையில் இல்லை. ஒருவர் பிடியை ஒருவர் தளர்த்துகிறார்கள். இந்த மொத்த அமைப்பும் அதில்தான் ஓடுகிறது.

காலி அறை

ஜி புரதத்தின் ஆல்ஃபா பகுதிக்கு இரண்டு மடல்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவில் இருபாஸ்பேட் செருகியிருக்கும். அந்த நிலையில் ஆல்ஃபா, பீட்டா-காமா ஜோடியோடு ஒட்டிக்கொண்டு அக்கடாவென்று கிடக்கும். வெளியே, செல்லின் நீர்ப்பகுதியில், மூபாஸ்பேட் தாராளமாக இருக்கிறது. இருபாஸ்பேட்டை விடப் பல மடங்கு அதிகம். அறை காலியானால் போதும், எண்ணிக்கையின் பலத்திலேயே மூபாஸ்பேட்தான் உள்ளே வரும். தடையாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருக்கும் இருபாஸ்பேட் வெளியேற மாட்டேன் என்கிறது. தானாக விட்டால் ஒவ்வொரு முறையும் நிமிடக் கணக்கில் ஆகும். ஏற்பியின் முழு வேலையும் இந்தத் தடையை நீக்குவது. இறுக்கி மூடிய குழந்தையின் கையைத் திறக்க உள்ளங்கைப் பக்கம் எதையும் திணிக்க மாட்டோம், விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவோம். கை தானே விரியும், பிடித்திருந்தது விழும். ஏற்பி தொடுவதும் அறையை அல்ல, அறைக்கு மூன்று நானோமீட்டர் தள்ளி இருக்கும் ஆல்ஃபாவின் வால் நுனியை.

1978இல் ஜெருசலேமில் டான் காசலும் ஸ்வி செலிங்கரும் இதை நேரடியாகவே காட்டினார்கள். வான்கோழியின் சிவப்பணுச் சவ்வில் கதிரியக்க அடையாளமிட்ட குவானோசின் நியூக்ளியோடைடை ஏற்றிவிட்டு, அட்ரினலின் வகை ஹார்மோனைச் சேர்த்தபோது, இருபாஸ்பேட் வெளியேறுவதை அளந்தார்கள். பறவைகளின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா ஏற்பியும் சைக்ளேஸும் நிறைய உண்டு; இந்தத் துறை வான்கோழிக்குப் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல.

எப்படித் தளர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரையன் கோபில்காவின் குழு பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியையும், சைக்ளேஸைத் தூண்டும் வகை ஜி புரதமான ஜிஎஸ்ஸையும் ஒட்டியபடியே படிகமாக்கிப் படம் எடுத்தது. அந்தப் படத்தில் ஏற்பியின் ஏழு சுருள்களில் ஆறாவது, உள்முனையில் 14 ஆங்ஸ்ட்ராம் வெளிப்பக்கமாக விலகி நிற்கிறது. ஒன்றரை நானோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஆல்ஃபாவின் வால் சுருள் நுழைந்து சற்றே திருகிக்கொள்கிறது. அந்தச் சுருளின் மறுமுனைதான் குவானோசின் வளையத்தைத் தாங்கிப் பிடிக்கும் வளைவோடு சேர்ந்திருக்கிறது. வால் இழுபட்டால் தாங்கல் போய்விடும். அதோடு ஆல்ஃபாவின் இரண்டு மடல்களில் ஒன்று 127 பாகை சுழன்று விலகியிருந்தது. அத்தனை பெரிய அசைவை நான் எதிர்பார்க்கவில்லை. பார்த்த அன்று பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறை திறந்து கிடக்கிறது, உள்ளே யாரும் இல்லை.

இந்தப் படிகத்தை எப்படி உண்டாக்கினார்கள் என்பதில்தான் எனக்கு இன்னும் ருசி. ஏற்பியும் ஜி புரதமும் ஒட்டியே இருக்கவேண்டுமானால் அறை காலியாகவே இருக்கவேண்டும். மூபாஸ்பேட் வந்தாலும் சரி, இருபாஸ்பேட் திரும்பி வந்தாலும் சரி, கூட்டணி கலைந்துவிடும். எனவே வெளியேறிய இருபாஸ்பேட் திரும்பி வராதபடி அதை உடைக்கும் ஒரு நொதியைக் கரைசலில் சேர்த்தார்கள். லாமா விலங்கின் உடலில் உண்டாக்கிய ஒரு குட்டி எதிர்ப்பொருளைக் கொண்டு இரண்டையும் சேர்த்து இறுக்கினார்கள். செல்லில் கண் இமைக்கும் நேரம்கூட நீடிக்காத ஒரு நிலையை இப்படிப் பிடித்து நிறுத்தினார்கள். ராட்பெல்லின் குழாயில் குளுககான் விலகாமல் அடம்பிடித்ததே, அதுவும் இதே நிலைதான்: நியூக்ளியோடைடு இல்லாததால் ஜி புரதம் ஏற்பியை விடவில்லை, ஏற்பி ஹார்மோனை விடவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் வெறும் கதிரியக்க எண்ணிக்கையாகத் தெரிந்தது படிகத்தில் உருவமாக நின்றது. 2012இல் கோபில்காவுக்கும் அவருடைய ஆசான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கவனிக்க வேண்டியது இந்தத் தளர்ச்சி இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பதை. வெளியே ஹார்மோன் உட்கார்ந்தால் உள்ளே இருபாஸ்பேட்டின் பிடி தளர்கிறது. உள்ளே மூபாஸ்பேட் உட்கார்ந்தால் ஆல்ஃபா வடிவம் மாறிப் பீட்டா-காமாவிலிருந்தும் ஏற்பியிலிருந்தும் கழன்று கொள்கிறது, வெளியே ஹார்மோனின் பிடி தளர்கிறது. இதை ஒருவழி அம்பாக எப்படி வரைவது? கழன்ற ஆல்ஃபா சைக்ளேஸைத் தேடிப் போகிறது. ஏற்பியோ அடுத்த ஜி புரதத்துக்குத் தயார். கண்ணின் கோல் செல்லில் இந்த வகையின் மூத்த உறவான ரொடாப்சின், ஒற்றை ஒளித்துகளைப் பிடித்துவிட்டுப் பத்துப் பத்தாக ஜி புரதங்களை எழுப்பிவிடுகிறது. பெருக்கம் என்று நாம் சொல்வதன் முதல் படி இது.

நடுவாள் உண்மையிலேயே தனி ஆள்தானா என்பதை உறுதி செய்தது ஒரு பிறழ்ச்சி. எலியின் எஸ்49 புற்றுச் செல்களில் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் செல் செத்துவிடும். அப்படிக் கூட்டியும் சாகாமல் பிழைத்த ஒரு வம்சம் கிடைத்தது; அதில் சைக்ளேஸ் நொதியே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். ஆல்ஃபிரட் கில்மனும் எலியட் ராஸும் 1977இல் அந்தச் செல்லின் சவ்வுக்கு வேறு செல்லின் சாற்றைச் சேர்த்தார்கள், ஹார்மோனுக்குப் பதில் கிடைத்தது. வியப்பு என்னவென்றால், சாற்றைச் சூடாக்கி அதிலிருந்த சைக்ளேஸைக் கொன்ற பிறகும் பதில் கிடைத்தது. அப்படியானால் சைக்ளேஸ் அந்த வம்சத்தில் முன்பே இருந்திருக்கிறது; காணாமல் போனது நடுவில் இருந்த ஜிஎஸ். அதைத் துரத்திப் பிடித்து 1980இல் தூய்மையாக்கினார்கள். ராட்பெல்லுக்கும் கில்மனுக்கும் 1994இல் நோபல்.

நிறுத்தத் தெரியாமல் போனால்

மூபாஸ்பேட்டை உடைத்து வரும் ஆற்றல் எதற்குச் செலவாகிறது? வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் 'சைக்ளேஸைத் தூண்ட' என்றுதான் பதில் வரும். இல்லை. தூண்ட மூபாஸ்பேட் உட்கார்ந்தாலே போதும், உடைய வேண்டியதில்லை. ராட்பெல் குழுவே பிறகு உடைக்க முடியாத ஒரு போலி மூபாஸ்பேட்டைப் போட்டபோது, சைக்ளேஸ் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. உடைப்பது நிறுத்துவதற்காக. ஆல்ஃபா தன்னிடம் உள்ள மூபாஸ்பேட்டைத் தானே மெதுவாக வெட்டி இருபாஸ்பேட்டாக்கிக் கொண்டு மறுபடி உறங்கப் போகிறது. எந்தத் தூண்டலுக்கும் முடிவு நேரம் தொடக்கத்திலேயே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. செல் தன் ஆற்றலை இந்த இடத்தில் செலவழிப்பது அடங்குவதற்காக என்பது எனக்கு இன்றும் பிடித்தமான செய்தி.

இந்த வெட்டு நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் காலரா சாட்சி. 1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் தே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீரைக் கொட்டச் செய்கிறது என்று காட்டினார். காலராவை உண்டாக்குவது கிருமி சுரக்கும் நஞ்சு என்பது அதன்பிறகுதான் தெளிவானது. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் போய் ஜிஎஸ் ஆல்ஃபாவின் 201ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு வேதிக் குழுவை ஒட்டிவிடுகிறது. வெட்டுவதற்கு அந்த ஆர்ஜினின் அவசியம். அது முடங்கினால் மூபாஸ்பேட் வெட்டுப்படாது. இதில் எந்த ஹார்மோனும் ஏற்பியும் ஈடுபட வேண்டியதே இல்லை என்பதைக் கவனியுங்கள். தூண்டாமலே எப்போதாவது ஒருமுறை இருபாஸ்பேட் தானாக நழுவி மூபாஸ்பேட் உட்காரத்தான் செய்யும். வழக்கமாக அது உடனே வெட்டுப்பட்டு அடங்கிவிடும். வெட்டு இல்லாதபோது, எழுந்தவை எழுந்தபடியே நிற்கும். ஒவ்வொன்றாகச் சேர்ந்து கடைசியில் எல்லாமே விழித்துவிடும். சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது, குளோரைடு வாயில்கள் திறக்கின்றன, உப்பைத் தொடர்ந்து நீர் லிட்டர் லிட்டராக வெளியேறுகிறது.

அதே 201ஆம் ஆர்ஜினின் இன்னொரு இடத்திலும் வருகிறது. பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் 1937இல் ஒரு விசித்திரமான நோயை விவரித்தார்: தோலில் பழுப்புத் திட்டுகள், எலும்புகளில் நார்த்திசு வளர்ச்சி, மிகச் சிறு வயதிலேயே பூப்பெய்துதல். டோனவன் மக்கூன் என்ற மருத்துவரும் தனியாக இதையே விவரித்திருந்தார். ஐந்து வருடம் கழித்து, 1942இல், ஆல்பிரைட் முற்றிலும் வேறான ஒன்றைப் பதிவு செய்தார்: இரத்தத்தில் கால்சியம் குறைவு, பாராதைராய்டு ஹார்மோன் இல்லாதவர்களுக்கு வரும் அதே அறிகுறிகள், ஆனால் அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டாலும் உடல் அசைவதில்லை. ஹார்மோன் இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை என்று அவர் எழுதிய ஊகம் மருத்துவத்தில் புதியது. முதல் நோயில் கருவளர்ச்சியின் ஏதோ ஒரு கட்டத்தில் சில செல்களில் மட்டும் அந்த 201ஆம் ஆர்ஜினின் மாறிவிடுகிறது, காலரா நஞ்சு செய்வதை மரபணுவே செய்துவிடுகிறது. 1991இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. எந்தச் செல்களில் மாற்றம் உண்டோ அந்த இடமெல்லாம் ஹார்மோன் வராமலே வந்ததுபோல் நடந்துகொள்ளும், அதனால்தான் திட்டுத் திட்டாகத் தோல். இரண்டாவது நோயின் முதன்மையான வகையில் அதே ஜிஎஸ் ஆல்ஃபா குறைந்துபோகிறது. தாயிடமிருந்து வரும் மரபணுப் பிரதி கெட்டால்தான் இந்த ஹார்மோன் எதிர்ப்பு வரும், ஏனென்றால் சிறுநீரகத்தின் அந்தப் பகுதி தந்தையின் பிரதியை ஏறக்குறைய வாயடைத்து வைத்திருக்கிறது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கும் அவர்கள் உடல் மந்தமாகத்தான் பதில் சொல்லும், அந்த ஏற்பியும் இதே ஜிஎஸ்ஸை நம்பியிருப்பதால். ஒரே மருத்துவர், ஒரே புரதத்தின் இரண்டு கோளாறுகளை, அந்தப் புரதம் இருப்பதே தெரியாத காலத்தில், நோயாளிகளின் முகத்தையும் எலும்பையும் பார்த்தே பிரித்து எழுதி வைத்திருக்கிறார். ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர்களுக்குத் தரும் இடத்தை நாம் இவருக்குத் தருவதில்லை என்பது என் மனக்குறை.

ஹார்மோன் வராத நேரத்திலும்

இவ்வளவு சொன்ன பிறகு ஹார்மோனுக்கு 'தொடங்கி வைப்பவர்' என்ற பட்டமாவது மிஞ்சும் என்று பார்த்தால், அதுவும் முழுதாக மிஞ்சுவதில்லை. ஏற்பி ஒரு கல்சிலை இல்லை. ஹார்மோன் இல்லாத நேரத்திலும் அது அசைந்துகொண்டே இருக்கிறது, அவ்வப்போது ஆறாவது சுருள் விலகிய வடிவத்துக்குத் தானே போய் வருகிறது, அந்தச் சில கணங்களில் ஜி புரதத்தையும் தளர்த்திவிடுகிறது. பீட்டா-2 ஏற்பிக்கு இப்படி ஒரு அடிப்படைச் சலசலப்பு உண்டு. ஹார்மோன் செய்வது ஏற்கெனவே நடக்கும் ஊசலாட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பது. சாய்க்கிறது என்றால் எதிர்ப்பக்கம் சாய்க்கும் மருந்தும் இருக்கலாம் அல்லவா? இருக்கிறது. தும்மலுக்கும் அரிப்புக்கும் போடும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் ஹிஸ்டமினின் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. ஏற்பியின் சொந்தச் சலசலப்பையும் அடக்குகின்றன. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஏழு சுருள் குடும்பத்தைத்தான் குறிவைக்கின்றன, அதனால் இது வெறும் தத்துவச் சண்டை இல்லை.

குடும்பத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். மனித மரபணுத் தொகுதியில் இப்படிப்பட்ட ஏற்பிகள் ஏறத்தாழ 800. அவற்றில் பாதி வாசனைக்கானவை. ஆனால் ஆல்ஃபா புரதங்களுக்கான மரபணுக்கள் பதினாறுதான். நூற்றுக்கணக்கான வாசல்கள் ஒருசில நடுவாட்களை நம்பியிருக்கின்றன. சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோன் ஜிஐ என்ற வகை வழியே சைக்ளேஸை அடக்கும். ஆஞ்சியோடென்சினும் ஆக்ஸிடோசினும் ஜிக்யூ என்ற இன்னொரு வகை வழியே கால்சியத்தைக் கிளப்பும். அட்ரினலினோ எந்த ஏற்பியில் உட்காருகிறது என்பதைப் பொறுத்து மூன்று வழியிலும் போகும். ஆனால் ஏற்பிக்கும் ஜி புரதத்துக்கும் இடையில் நடப்பது எல்லாவற்றிலும் அதே காரியம்தான், இருபாஸ்பேட்டின் பிடியைத் தளர்த்துவது. இதைப் புரிந்துகொண்டவருக்கு அட்டவணைகளை மனப்பாடம் செய்யும் சுமை பாதி குறையும் என்பது என் அனுபவம்.

கடைசியாக, இன்னும் அடங்காத ஒரு விஷயம். இவையெல்லாம் செல்லின் மேற்பரப்பில் நடப்பதாகவே நெடுங்காலம் பேசினோம். தூண்டப்பட்ட ஏற்பியை, பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளான கைனேஸ்கள் அடையாளமிடும், அரெஸ்டின் என்ற புரதம் வந்து மறைத்துக்கொள்ளும், செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், அத்தோடு பேச்சு முடிந்தது என்பதுதான் பாடம். 2009இல் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பியும் பாராதைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் உள்ளே இழுக்கப்பட்ட பிறகும், செல்லின் உட்பைகளில் இருந்தபடியே, சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கிக் கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அப்படியானால் எவ்வளவு சைக்ளிக் ஏஎம்பி என்பதோடு எங்கே என்றும் கேட்கவேண்டும். இந்தக் கேள்வி இதயச் செல்லில் பல பத்தாண்டுகளாகவே கிடக்கிறது: அட்ரினலின் வகை மருந்தும் புரோஸ்டாகிளாண்டின் இ1 என்ற பொருளும் இரண்டுமே அங்கே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும், துடிப்பின் வலுவைக் கூட்டுவதோ முதலாவது மட்டும்தான். ஒரே மூலக்கூறு, ஒரே செல், வேறு விளைவு. அதை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகள் செல்லுக்குள் எங்கெங்கே நிற்கின்றன என்பது இதில் பெரும் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. கொழுப்புச் செல்லில் எல்லா ஹார்மோன்களும் ஒரே கூட்டத்தைப் பங்கிட்டுக் கொண்டதைச் சவ்வை மட்டும் தனியே பிரித்துத்தான் ராட்பெல் பார்த்தார்; முழுச் செல்லில் அந்தப் பங்கீடு எப்படி இருந்திருக்கும் என்பதை வைத்துக்கொண்டு அவருடைய பழைய கட்டுரைகளை முதலிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.